தாத்தாவின் தொண்டையில் குடியிருந்தவர்கள்

எங்கள் தோட்டத்து ஜனங்கள் லயத்து வீடுகளில் குடியிருந்தார்கள் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படி இல்லை. அத்தனை பேரும் என் தாத்தாவின் தொண்டைக்குள்தான் குடியிருக்கிறார்கள் என்று ஏழெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சிமினி விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, அவரை வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தவள் நான். வெற்றிலைச் சிவப்பும், ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் தள்ளித் தள்ளி நின்ற நாலு பல்லும்தான் தெரிந்தன. கங்காணி எங்கே, துரை எங்கே என்று கேட்டால், "வெளிச்சத்துக்குக் கண்ணு கூசுதுன்னு உள்ள தள்ளிப் போயிட்டாங்கம்மா" என்பார். நானும் விளக்கைத் தணித்துவிட்டு மறுபடி பார்ப்பேன்.

அவர் அம்மாவைப் பெற்றவர். வாலிபத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்து, பேராக்கில் காடாகக் கிடந்த இடத்தை வெட்டிச் சாய்த்து, இப்போது நாங்கள் பால் வெட்டுகிற ரப்பர் மரங்களைக் கன்றாக நட்டவர்களில் ஒருவர். மனைவியைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். முதுகு வளைந்த பிறகு புல் வெட்டுகிற கிழடுகளோடு அவரைச் சேர்த்துவிட்டார்கள். இவ்வளவுதான் அவர் கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஏனென்றால் அந்த மனுஷனுக்கு இருந்த தொண்டை உலகத்தில் வேறு யாருக்கும் இருந்ததில்லை.

யார் குரலை வேண்டுமானாலும் எடுப்பார். எடுப்பார் என்றால், கூத்தில் கோமாளி பேசுவதைப் போல இழுத்துக் காட்டுவது இல்லை. அந்த ஆளே வந்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சீனக் கடை முதலாளி தவுக்கே பக்கத்தில் நின்று காறித் துப்புவார். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டகையில் அழுகிற பிள்ளைகளில் எது கங்காணி வீட்டுப் பிள்ளை, எது எங்கள் தம்பி என்று அழுகையிலேயே பிரித்துக் காட்டுவார். தம்பியை இடுப்பில் சுமந்து சுமந்து அந்தக் கொட்டகைக்கே பாதி ஆயாவாகிவிட்ட எனக்கு, அதில் ஒரு சுருதி பிசகினாலும் தெரியும். ஒரு நாளும் பிசகியதில்லை.

ஒருமுறை மத்தியான வெயிலில், எங்களை வேலை வாங்குகிற மண்டோர் மரத்தடியில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். புதருக்குப் பின்னாலிருந்து வெள்ளைக்காரத் துரையின் குரல் வந்தது. "மண்டோர்! நீ ஏன் தூங்கறான்? மரம் எல்லாம் அழுவுது!" மண்டோர் அலறிப் புடைத்து எழுந்து, தொப்பியைக் கழற்றி, எதிரே நின்ற ரப்பர் மரத்துக்கு சலாம் வைத்தார். மரம் பதில் சொல்லவில்லை என்று இன்னொரு சலாமும் வைத்தார். அதற்குள் புல் வெட்டுகிற கிழவர்கள் தரையில் உருண்டுவிட்டார்கள்.

எங்கள் அப்பாவுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்காது. அப்பா வாயைத் திறந்து பேசிப் பார்த்தவர்கள் தோட்டத்தில் குறைவு. "பிள்ளைகுட்டி இருக்கிற வூடு, மாமா" என்று முனகுவார். மாமனார் ஊர் சிரிக்கிற ஆளாக இருப்பது அவருக்குத் தலைகுனிவாக இருந்தது. தாத்தா அதற்கும் சிரிப்பார். "வாயுள்ள புள்ள பொழைச்சுக்கும் மாப்ள" என்பார். அப்பா எழுந்து போய்க் கத்தியைத் தீட்டுவார்.

எந்தக் குரலையும் எடுக்கிற தாத்தா ஒரு குரலை மட்டும் எடுக்க மாட்டார். செத்துப்போனவர்கள் குரல். அடுத்த வீட்டு அக்காவின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, காரியம் முடிந்த கையோடு அந்த அக்கா வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தது. ஒரே ஒரு தடவை, அவர் வேலை விட்டு வரும்போது தன்னைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடச் சொல்லி அழுதது. லயமே வாசலில் கூடி நின்றது. தாத்தா தட்டைத் தொடவில்லை. இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"செத்தவங்க குரல் எங்கிட்ட வராதும்மா. கூப்ட்டா திரும்பிப் பார்ப்பாங்க. போறவங்களைத் திரும்பிப் பார்க்க வைக்கக் கூடாது, பாவம்."

பாட்டியின் குரலை ஒரு தடவை எடுத்துக் காட்டச் சொல்லி நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் சின்னம்மா இருந்தாள். அம்மாவின் தங்கை, தாத்தாவின் செல்லம். பால் வெட்டு முடிந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வரும்போது, வீட்டுக்கு நாலு வாசல் தள்ளியிருந்தே, "அக்கோவ்! வயித்துக்கு என்னா இருக்கு?" என்று கூவிக்கொண்டே வருவாள். எது இருந்தாலும் அவளுக்குப் போதும். எதுவும் இல்லாவிட்டாலும் சிரிப்பாள். அவளைக் கோலா கங்சாரில் ரயில் ரோட்டு வேலை பார்த்த மாமன் மகனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். தை பிறந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

அதற்குள் பங்களாவிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். தோட்டத்துக் கணக்கெல்லாம் பார்க்கிற கிராணி ஐயா எங்கள் வாசலுக்கே வந்து சொன்னார். துரை வீட்டில் வேலைக்கு ஆள் வேண்டுமாம், சின்னம்மா இனிமேல் பால் வெட்ட வேண்டாமாம், திங்கட்கிழமையிலிருந்து பங்களாவிலேயே தங்கிக்கொள்ளலாமாம். துரைக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. பங்களாவில் ரொட்டி கிடைக்கும், ஐஸ் கட்டி இருக்கும், நாற்காலிக்குக் கூடத் துணி போட்டிருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சின்னம்மா மூலம் எனக்கும் ஒரு துண்டு ரொட்டி வரும் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டில் மற்ற யாரும் சந்தோஷப்படவில்லை. சின்னம்மா மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டாள். அம்மா உலையில் அரிசி போட மறந்தாள். எனக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. சின்னம்மாவுக்கு முன் பங்களா வேலைக்குப் போய்த் திரும்பிய அக்கா ஒருத்தி மேட்டு லயத்தில் இருந்தாள். அவளுக்குப் பூனைக்கண்ணோடு அழகான பிள்ளை ஒன்று இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் யாரும் அவளோடு பேச மாட்டார்கள். பேசாதது பொறாமையால் என்றுதான் நான் அப்போது நினைத்திருந்தேன்.

மாட்டேன் என்று சொல்ல வழி கிடையாது. சொன்னால் வீட்டோடு வெளியே தள்ளிவிடுவார்கள். வேலையை விட்டு நிற்கவும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். ஓடிப்போகலாம் என்றால் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. விடியுமுன் இருட்டில் எல்லாரும் களத்தில் கூடிப் பேர் கொடுக்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டில் ஒரு பேருக்குப் பதில் வரவில்லை என்றால் உடனே சைக்கிளில் ஆள் விடுவார்கள். நடந்து போகிறவள் பத்து காஜா டவுன் ரயில் ஸ்டேஷனைத் தொடுமுன் சைக்கிள்கள் அங்கே போய் நின்றுவிடும். பெரட்டில் தப்பிவிட்டால் மத்தியானம் பால் நிறுக்கும்போதுதான் ஆள் இல்லாதது தெரியும். அதற்குள் காலை ரயில் போய்விட்டிருக்கும். ஆக, ஒரே ஒரு காலையில், ஒரே ஒரு பேருக்கு, ஒரு பதில் வேண்டும். இதையெல்லாம் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தண்டவாள இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்தபோது என் பக்கத்தில் சின்னம்மாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. தாத்தா கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு என் காதருகே குனிந்தார். "இன்னைக்குத் தாத்தா ஒரு ஆட்டம் காட்டப் போறேன். நீ சிரிக்கக் கூடாது. சிரிச்சா ஆட்டம் போச்சு." வெற்றிலை வாடை அடிக்கவில்லை. அன்று அவர் வெற்றிலை போடவில்லை என்பது எனக்கு வினோதமாக இருந்தது.

களத்தில் பனி இறங்கியிருந்தது. கிராணியின் மேசைமேல் ஒரு லாந்தர். அதன் வெளிச்சம் அவர் மீசையைத் தாண்டி நாலடிக்கு மேல் வராது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் நின்றேன். எனக்குப் பின்னால் கம்பளிக்குள் யாரோ கிழவி குந்தியிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். கிழவிக்கு வெள்ளை மீசை இருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஆண்களின் பேர் முடிகிற சமயத்தில் பெண்கள் பக்கத்தில் அக்கா ஒருத்திக்கு இருமல் வந்தது. கிராணி, பெண்கள் சத்தம் போடாமல் நிற்க வேண்டும் என்று அதட்டிவிட்டுப் பெண்களின் பேரைத் தொடங்கினார். புல் வெட்டுகிற கிழடுகளின் பேர் எப்போதும் கடைசியில்தான் வரும். அம்மா பேர் வந்தது. அம்மா பதில் சொன்னாள். அவள் முந்தானை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. குளிர் என்று நினைத்தேன். அடுத்தது சின்னம்மா பேர்.

சின்னம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரட்டில் அவள் கொட்டாவியோடுதான் பதில் சொல்லுவாள். "இருக்..." என்று தொடங்கும்போதே வாய் பிளந்துவிடும், மீதியெல்லாம் கொட்டாவிக்குள் போய் "...கேங்க" என்று வெளியே வந்து விழும். கிராணி தினமும் அதற்குத் திட்டுவார்.

என் முதுகுக்குப் பின்னால் சின்னம்மா வந்துவிட்டாள். அதே குரல், அதே இழுப்பு, நடுவில் அதே கொட்டாவி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாத்தாவின் ஆட்டங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஆனால் அதைப் போல ஒன்றைக் கேட்டதே இல்லை. நிஜமாகவே சின்னம்மா தூங்கி எழுந்து வந்து நிற்கிறாள் என்று நான் இருட்டில் கையை நீட்டித் துழாவினேன். அந்தக் கொட்டாவியைக் கேட்டதும் என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கும் கொட்டாவி வந்தது. எனக்கும் வந்தது. அப்படிப்பட்ட கொட்டாவி அது.

கிராணி தலையைத் தூக்கி இருட்டைப் பார்த்தார்.

"இன்னுமா தூக்கம் தெளியல? பங்களாவுல போயி இப்படி வாயப் பொளந்துக்கிட்டு நிக்காத."

பென்சில் காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. அடுத்த பேரைக் கூப்பிட்டார். அம்மா மெதுவாக மூச்சு விட்டாள்.

ஆட்டம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இத்தனை குரலை உள்ளே வைத்திருந்த அந்த மகாபுத்திசாலி ஒரு விஷயத்தைக் கோட்டை விட்டிருந்தார். புல் வெட்டுகிறவர்கள் முறை வந்தபோது கிராணி தாத்தாவின் பேரைக் கூப்பிட்டார். தாத்தாவோ பெண்கள் நடுவில் குந்தியிருந்தார். அங்கிருந்து ஆண் குரல் வந்தால் லாந்தர் எழுந்து வந்துவிடும். நழுவிப் போகலாம் என்றால் முன்னும் பின்னும் ஜனம். ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கத் தெரிந்தவருக்குத் தன் குரலைக் கொடுக்க வழியில்லை.

கிராணி மறுபடியும் கூப்பிட்டார். தாத்தா தினமும் அதற்கு ஒரே பதிலைத்தான் சொல்லுவார். "இன்னும் சாகலீங்க!" என்று நீட்டி முழக்குவார், நாலு பேராவது சிரிப்பார்கள். அன்று அந்தப் பதில் வரவில்லை. கிராணி நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. லாந்தரின் பிடியில் கை போட்டுவிட்டார். நான் தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், ஏன் என்று தெரியாமலே.

அப்போது ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"இன்னும்... சாகலீங்க."

அது கிழவன் குரலும் இல்லை, வாலிபன் குரலும் இல்லை. கழுத்தில் கயிறு இறுகிய கிடா கத்துவதைப் போல இருந்தது. என் அப்பா. ஊரில் யாரிடமும் நாலு வார்த்தை பேசாத என் அப்பா, தாத்தாவைப் போலப் பேசிப் பார்த்திருக்கிறார்! முதலில் மண்டோர்தான் சிரித்தார். பிறகு கிழவர்கள், பிறகு பெண்கள், பிறகு களமே சிரித்தது. எனக்குச் சிரிக்கக் கூடாது என்ற உத்தரவு இருந்ததால் தம்பியின் தோளில் வாயைப் புதைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு லேசில் அடங்கவில்லை. எல்லாருக்கும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வேண்டுமென்றே சிரித்திருக்கிறார்கள்.

"என்ன கிழவா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார் கிராணி.

"பனிங்க ஐயா, கிழவனுக்குச் சளி" என்று மண்டோர் பதில் சொன்னார். மரத்துக்கு இரண்டு சலாம் வைத்த அதே மண்டோர்.

மத்தியானம் பால் நிறுக்கும்போது எல்லாம் வெளியில் வந்தது. சைக்கிள்கள் பறந்தன, வெறுங்கையோடு திரும்பின. தாத்தாவை ஆபீசுக்கு இழுத்துப் போனார்கள். மகள் எங்கே என்று கிராணி கேட்டதற்கு, "காலையில அவ வந்துட்டான்னு ஐயாதானே போட்டீங்க. ஐயா கணக்கு தப்பாகுமா?" என்றாராம். கிராணிக்கு அடிக்கத்தான் முடிந்தது. துரையிடம் போய் ஒரு கிழவன் தொண்டையிடம் ஏமாந்தேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதனால் எங்களை வெளியே தள்ளவும் இல்லை. தோட்டத்துக் கேட்டைத் தாண்டித் தாத்தாவோ எங்கள் வீட்டில் வேறு யாருமோ கால் வைக்கக் கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார். உதடு வீங்கி வீட்டுக்கு வந்த தாத்தாவுக்கு அப்பா தன் கையால் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார். அதற்குப் பிறகு அப்பா "பிள்ளைகுட்டி இருக்கிற வூடு" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சின்னம்மாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தபால் எல்லாம் கிராணி கைக்கு வந்து, அவர் பிரித்துப் படித்த பிறகுதான் எங்கள் கைக்கு வரும். அவள் எப்படி எழுதுவாள்? இருட்டில் ஈயச் சுரங்கத்துக் குட்டைகளைத் தாண்டி நடந்தவள் ரயிலைப் பிடித்தாளா, மாமன் மகனிடம் போய்ச் சேர்ந்தாளா, வழியில் எவன் கையிலாவது சிக்கினாளா என்று அம்மாவுக்குத் தெரியாது. சோற்றை எடுத்து வைத்துவிட்டு வாசலையே பார்ப்பாள். எனக்கு இது தெரிந்ததால்தானோ என்னவோ, ஒரு நாள் தாத்தாவிடம், சின்னம்மா குரலை எடு என்று கேட்டேன். அவர் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "வருமா வராதான்னு தெரியலம்மா" என்றார். அம்மா எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். கிராணி கூடப் பெரட்டில் ஒரு நாள், "எங்க, ஓடிப்போன மக குரலை எடு பாப்போம்" என்று நக்கலாகக் கேட்டார். அவருக்கும் அதே பதில்தான்.

ஒரு வருஷம் அப்படியே போனது. பழைய துரை சீமைக்குப் போய் வேறு துரை வந்தார். கிராணியின் பிடியும் கொஞ்சம் தளர்ந்தது. அந்தச் சமயம் பார்த்துத் தாத்தாவுக்குப் பல்வலி வந்தது. தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் முனகினார், கிராணி வாசலிலும் போய் முனகினார். தொல்லை தாங்காமல், பத்து காஜா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வா என்று கிராணி சீட்டுக் கொடுத்துவிட்டார். விடியற்காலையில் மாட்டு வண்டியில் போனவர் சாயங்காலம்தான் திரும்பினார்.

அவர் வண்டியிலிருந்து இறங்கும்போது கிராணி லயத்துப் பக்கம் வந்திருந்தார். அம்மா அடுப்படியில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தாள், அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். கிராணிக்குப் பொழுது போகவில்லை போலும்.

"என்ன கிழவா, பல்லு போச்சா? குரலு இருக்கா? எங்க, உன் மக குரலை எடு, கேப்போம்."

தாத்தா தாடைத் துணியை அவிழ்த்தார். தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கோவ்! வயித்துக்கு என்னா இருக்கு?"

நாலு வாசல் தள்ளி சின்னம்மா வாளியோடு வருகிறாள் என்று நான் தெருவைப் பார்த்தேன். அடுப்படியில் ஊதுகுழல் விழுகிற சத்தம் கேட்டது. தாத்தா நிறுத்தவில்லை. அடுத்த மூச்சில் அவர் தொண்டையிலிருந்து ஒரு பிள்ளை அழுதது. பிறந்து கொஞ்ச நாளே ஆன, இன்னும் சரியாக அழக் கற்றுக்கொள்ளாத பிள்ளை. வீறிட்டு, விக்கி, மறுபடியும் வீறிட்டது.

கிராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கெட்டிக்காரக் கிழவன் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அப்பா தீட்டிய கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்! அம்மாவை இப்படி அழ வைப்பதும் ஒரு ஆட்டமா? தாத்தாவின் முன்னால் போய் நின்று வாயைத் திறக்கச் சொன்னேன். நாலு பல்லும் நின்ற இடத்தில் நின்றன. அவர் சட்டையில் ரயில் கரி வாடை அடித்தது.

"பல்லையும் புடுங்கல. புள்ளையும் சரியா அழல. நம்ம ஆயாக்கொட்டகையில எந்தப் புள்ளையும் அப்படி அழாது. யாரு புள்ள அது?" என்று கேட்டேன்.

"வயசாயிடுச்சும்மா. தப்பா வந்துடுச்சு" என்றார். சொல்லிவிட்டு, கன்னத்தில் கண்ணீர் வழிய என்னைத் தூக்கிச் சுற்றினார்.

அன்று சாப்பாட்டில் அம்மா தாத்தா தட்டில் மட்டும் இரண்டு முட்டை வைத்தாள். அப்பாவுக்கு இல்லை, எனக்கும் இல்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குரலைத் தப்பாக எடுத்தவருக்கு எதற்கு இரண்டு முட்டை என்று, தூங்கிப்போகும் வரை எனக்கு ஆற்றாமையாக இருந்தது.